பன்னிக்கு ஊசி போட்டா யாருக்கு லாபம்?

போன வருஷம் ஆடி மாசம், ஒரு நாள் காலையில அக்கா நம்பர்லேர்ந்து போன். எடுத்தா அவளால பேசவே முடியல, மாமா தான் வாங்கி "பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சுடா, கெளம்பி வா"ன்னாரு. அக்கா பொண்ணுக்கு அப்போ பதினோரு வயசு. ஸ்கூலுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கிட்டு இருந்தவளுக்கு வலது கை மட்டும் தனியா இழுக்க ஆரம்பிச்சிருக்கு, என்னம்மா பண்றேன்னு அக்கா கேக்குறதுக்குள்ள உடம்பு பூரா இழுத்து கீழ சாஞ்சுட்டா. பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்து சாவிக்கொத்தை கையில திணிச்சிருக்காங்க. அக்கா வீடு வேலூர் பக்கத்துல ஒரு சின்ன டவுன்ல. நான் சென்னையிலேர்ந்து பஸ் புடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள ஆஸ்பத்திரில ஸ்கேன் எல்லாம் எடுத்து முடிச்சிருந்தாங்க. புள்ள அசந்து தூங்கிட்டு இருந்துச்சு, அக்கா அது காலைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா.

டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்துல வெச்சுக் காட்டினாரு. மூளையோட இடது பக்கம், வெள்ளையா ஒரு சின்ன மோதிரம் மாதிரி. "பயப்படாதீங்க, கட்டி இல்ல. நாடாப்புழுவோட முட்டை வயித்துக்குள்ள போய், அதுலேர்ந்து வந்த குஞ்சுப் புழு ரத்தத்துல ஏறி மூளையில தங்கி பை மாதிரி ஆயிருக்கு. இவ்ளோ நாள் சும்மா இருந்திருக்கும். இப்ப அது செத்துக்கிட்டு இருக்கு, சாகும்போது சுத்தி வீங்கும், அதனால தான் வலிப்பு. மாத்திரைல சரியாயிடும்"னாரு. மாமா ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாரு, எந்தப் புழுன்னு. பன்னிலேர்ந்து வர்ற புழுன்னு டாக்டர் சொன்னதும் மாமா மூஞ்சி மாறிப் போச்சு. அவங்க வீடு சுத்த சைவம், முட்டை கலந்த கேக் கூட உள்ள வராது. எங்க புள்ளையைப் பார்த்து இப்படிச் சொல்லிட்டாங்களேன்னு கோவம், அதுக்கும் மேல ஒரு அவமானம், அவரு வாயைத் திறக்கவே இல்ல.

அந்த டாக்டருக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்லணும், ஏன்னா அவர் கோவப்படாம ஒரு ப்ரிஸ்கிரிப்ஷன் பேப்பரைத் திருப்பிப் போட்டு படம் வரைஞ்சு விளக்கினாரு. இந்தப் புழுவுக்கு ரெண்டு வழி இருக்கு, எல்லாரும் ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிறாங்க. புழுப்பை இருக்குற பன்னிக்கறியை சரியா வேகாம ஒருத்தர் சாப்பிட்டா, அவரு குடல்ல நாடாப்புழு மீட்டர் கணக்குல வளரும், மூளைக்குப் போகாது, பல பேருக்கு வயித்துல புழு இருக்குறதே தெரியாது. ஆனா அந்தப் புழுவோட கடைசிக் கண்ணிங்க கழண்டு கழண்டு மலத்துல வெளிய வரும், ஒரு கண்ணில மட்டும் சுமார் 50,000 முட்டை. அந்த முட்டை மண்ணு, தண்ணி, காய்கறி, கை எது வழியாவோ இன்னொருத்தர் வாய்க்குள்ள போச்சுன்னா, அவருக்குத் தான் மூளையில பை கட்டும். அந்த இன்னொருத்தர் பன்னிக்கறியை வாழ்நாள்ல பார்த்திருக்கவே வேண்டாம். அமெரிக்காவுல நியூயார்க்ல, பன்னியைத் தொடவே தொடாத ஆச்சாரமான யூதர்கள் நாலு பேருக்கு இதே நோய் வந்து, அது 1992-ல மருத்துவப் பத்திரிகையில வெளியாகி ரொம்பப் பேசப்பட்டிருக்கு. அவங்க வீட்ல வேலை செஞ்சவங்க லத்தீன் அமெரிக்க நாடுகள்லேர்ந்து வந்தவங்க, அவங்க வழியா முட்டை வந்திருக்கும்னு கண்டுபுடிச்சிருக்காங்க.

இதை நான் அக்காகிட்ட சொல்லியிருக்கவே கூடாது. அவளுக்குத் தைரியம் கொடுக்கத் தான் சொன்னேன், பாரு, சாமி கும்புடற ஆச்சாரக்காரங்களுக்கே வந்திருக்கு, உன் மேல ஒரு தப்பும் இல்லன்னு. அவ காதுல விழுந்தது "வீட்டு வேலைக்கு வந்தவங்க" மட்டும் தான். அக்கா வீட்ல ஆறு வருஷமா பாத்திரம் தேய்ச்சு, காய் நறுக்கிக் கொடுத்துட்டுப் போற ஒரு அம்மா இருந்தாங்க, பாப்பாவை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு சோறு ஊட்டினவங்க. டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே அவங்களை நிறுத்திட்டா. ஒரு டெஸ்ட் இல்ல, ஒரு கேள்வி இல்ல. வீட்ல இருக்குற நாலு பேருக்கும் டாக்டர் மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தாரு, எதுவும் தென்படல, அந்த அம்மாவுக்கு யாரும் பாக்கவே இல்ல. முட்டைக்கோஸையும் நிறுத்திட்டா, வாட்ஸ்அப்ல வருஷா வருஷம் சுத்துதே, கோஸ்ல இருக்குற புழு மூளைக்குப் போகும்னு, அதை நம்பி. மண்ணுல மலம் கலந்திருந்தா எந்தக் காய்லயும் முட்டை ஒட்டும், கோஸு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, நல்லா வேகவெச்சா செத்தே போயிடும். ஆனா பயந்து போயிருக்குற ஒரு அம்மாகிட்ட இதையெல்லாம் எப்படிப் பேசுறது.

வேலூர்ல கண்டுபுடிச்சது

அதுக்கப்புறம் நாலஞ்சு மாசம் ராத்திரி ராத்திரி இதைப் பத்தியே படிச்சேன். முதல்ல என்னை உலுக்கினது, இந்தக் கதையில நம்ம ஊருக்கே ஒரு பெரிய இடம் இருக்குங்கறது. 1980-கள்ல சிடி ஸ்கேன் நம்ம நாட்டுக்கு வந்த புதுசுல, வலிப்பு வந்த இளவயசுக்காரங்க மூளையில இப்படி ஒத்தை மோதிரம் தெரிஞ்சா அது காசநோய்க் கட்டின்னு முடிவு பண்ணி மாசக்கணக்குல டிபி மருந்து கொடுத்துட்டு இருந்தாங்க. வேலூர் சிஎம்சில மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் மாதிரி நரம்பு அறுவை மருத்துவர்கள் அந்த மோதிரத்தை ஆபரேஷன் பண்ணி எடுத்து நுண்ணோக்கில வெச்சுப் பார்த்தா, உள்ள இருந்தது டிபி இல்ல, இந்தப் புழு. 1989-ல லான்செட் பத்திரிகைல அதை எழுதினாங்க. பிற்பாடு எது புழு, எது டிபின்னு தலையைத் திறக்காமலே ஸ்கேனையும் நோயாளியையும் வெச்சு பிரிச்சுப் பாக்குறதுக்கு அவங்களே விதிமுறையும் வகுத்தாங்க. எங்க பாப்பாவுக்கு அந்த டாக்டர் ஒரு நிமிஷத்துல "கட்டி இல்ல"ன்னு சொன்னாரே, அந்த ஒரு நிமிஷத்துக்குப் பின்னாடி எத்தனை பேரோட திறந்த மண்டையும் எத்தனை வருஷ உழைப்பும் இருக்குன்னு நெனச்சு நான் அன்னிக்கு ராத்திரி தூங்கல.

அதே குழு வேலூர் மாவட்டத்துல சுமார் 50,000 பேரை வீடு வீடா விசாரிச்சு 2006-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆயிரத்துல 3.83 பேருக்கு வலிப்பு நோய் இருந்துச்சு, அவங்கள்ல பரிசோதனை பண்ணிப் பார்த்தவங்க கணக்குப்படி 34% பேருக்குக் காரணம் இந்தப் புழு. மூணுல ஒண்ணு! நான் சின்ன வயசுல வளர்ந்த தெருவுல ஒரு அண்ணன் வலிப்பு வந்து கெணத்தடில விழுந்து கெடப்பாரு, பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிப்பாங்க. அவருக்குக் கல்யாணமே ஆகல. அவர் தலைக்குள்ள என்ன இருந்துச்சோ, யாரும் பாக்கல.

ஆட்டுலேர்ந்து ஆரம்பிச்ச கதை

புழுவுக்குத் தடுப்பூசியா, அது எப்படி முடியும்னு எனக்கும் முதல்ல தோணுச்சு. அம்மை, போலியோ மாதிரி வைரஸ் சின்னது. மீட்டர் கணக்குல நீளமா இருக்குற புழு நம்ம உடம்புக்குள்ள வருஷக்கணக்குல உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கு, நம்ம எதிர்ப்பு சக்தி அதை ஒண்ணும் பண்றதில்ல, அதுக்கு ஊசி என்ன பண்ணும்? ஆனா அந்தப் புழுவோட வாழ்க்கையில பலவீனமான நாள்னு கொஞ்ச நாள் இருக்கு. முட்டை பொரிஞ்சதும் ஆறு கொக்கி வெச்ச ஒரு துளி உயிர் வெளிய வரும். அது குடல் சுவரைத் துளைச்சு, ரத்தத்துல ஏறி, சதையிலயோ மூளையிலயோ போய் உக்கார்ற வரைக்கும் அதுக்கு மேல சரியான கவசம் கெடையாது. பையாக் கட்டிக்கிச்சுன்னா அப்புறம் ரத்தத்துல இருக்குற எதிர்ப்பொருள் எதுவும் அதைக் கிட்ட நெருங்க முடியாது. அதனால உடம்புல எதிர்ப்பொருள் முன்கூட்டியே தயாரா நின்னா, அந்தத் துளியை வழியிலயே மடக்கிடலாம். ஒரு தடவை இந்த மாதிரிப் புழு வந்த எலிக்கு மறுபடி வர்றதில்லன்னு 1930-கள்லயே பார்த்திருக்காங்க, ஆனா அதை ஒரு மருந்தா மாத்தறதுக்கு அரை நூற்றாண்டு ஆச்சு.

அதைச் செஞ்சு காட்டினது ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். ஆட்டுக்கறியில பை கட்டுற ஒரு நாடாப்புழு இருக்கு, நாயிலேர்ந்து ஆட்டுக்கு வர்றது, மனுஷனுக்கு வராது, ஆனா கறி ஏற்றுமதி கெட்டுப் போகும். மெல்போர்ன் விஞ்ஞானிகள் அந்த ஆறு கொக்கித் துளியோட ஒரு புரதத்தைப் பிரிச்சு, அதுக்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள்ள வெச்சு அந்தப் புரதத்தை உற்பத்தி பண்ணி, 45டபிள்யூன்னு பேரு வெச்சு, நியூசிலாந்து ஆடுகளுக்குப் போட்டுப் பார்த்தாங்க. 1989-ல நேச்சர் பத்திரிகைல வந்துச்சு, 94% பாதுகாப்பு. ஒட்டுண்ணிக்கு எதிரா மரபணு முறையில செஞ்ச தடுப்பூசி இவ்ளோ பிரமாதமா வேலை செஞ்சது அது தான் முதல் தடவை. ஆனா அந்த ஊசி கடைக்கே வரல. நியூசிலாந்துல பதிவு பண்ணி அனுமதி எல்லாம் வாங்கியும், வாங்குறதுக்கு ஆள் இருக்காது, விக்கிறதுல லாபம் இல்லன்னு அலமாரியிலயே நின்னு போச்சு. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் இதுக்கே வருவேன்.

அந்தக் குழுவுல இருந்த மார்ஷல் லைட்டவுலர்ஸ், மெல்போர்ன் பல்கலைக்கழகத்துக்காரரு, அதோட நிக்கல. நாயிலேர்ந்து ஆட்டுக்கும் மனுஷனுக்கும் வந்து ஈரல்ல நுரையீரல்ல தண்ணிக்கட்டி கட்டுதே, அந்த இன்னொரு நாடாப்புழுவுக்கு நியூசிலாந்தோட டேவிட் ஹீத் கூடச் சேர்ந்து ஈஜி95-னு ஒரு ஊசி, 1996-ல வெளியாச்சு. ஆட்டுக்கு ஒரு மாச இடைவெளியில ரெண்டு டோஸ், 96-லேர்ந்து 98% பாதுகாப்பு. சீனாவுல செம்மறிக்குட்டிகளுக்கு அரசாங்கமே போடுது, அர்ஜென்டினாவுல ரியோ நெக்ரோ மாகாணத்துல 2009-லேர்ந்து போட்டு வர்றாங்க.

அதே வழியில பன்னிப் புழுவுக்குக் கெடச்சது தான் டிஎஸ்ஓஎல்18. இதுல ஒரு பெரிய தொந்தரவு என்னன்னா ஆட்டுப் புழுவோட முட்டை வேணும்னா நாயிகிட்ட எடுத்துக்கலாம், இந்தப் புழு முழுசா வளர்றது மனுஷக் குடல்ல மட்டும் தான். அதனால புழு இருக்குற ஊர்லயே போய்த் தான் சோதனை பண்ண முடியும், மெக்சிகோவுல, பெருவுல, கேமரூன்ல அங்கங்க இருக்குற விஞ்ஞானிகளோட சேர்ந்து பண்ணாங்க. முட்டையைப் பன்னிக்கு ஊட்டிப் பார்த்தா, ஊசி போட்ட பன்னியில கிட்டத்தட்ட ஒரு பை கூட இல்ல. ஆனா ஆய்வுக்கூடத்துல கூண்டுல அடைச்ச பன்னி வேற, தெருவுல திரியிற பன்னி வேற இல்லையா. கேமரூன் நாட்டோட வடகோடியில, 240 பன்னிக்குட்டிங்களை எடுத்து, பாதிக்கு ஊசி, பாதிக்கு இல்ல, எல்லாத்தையும் வளர்க்குறவங்க வீட்லயே வழக்கம் போல திரிய விட்டாங்க. ஊசி போட்டதுக்கெல்லாம் ஆக்ஸ்ஃபெண்டசோல்னு ஒரு பூச்சி மருந்தும் ஒரு வாட்டி கொடுத்தாங்க, ஏன்னா ஊசி புதுசா வர்றதைத் தான் தடுக்கும், ஏற்கனவே சதையில கட்டின பையை மருந்து தான் கொல்லும். கடைசியில அறுத்துப் பார்த்தா ஊசி போடாத பன்னிங்கள்ல அஞ்சுல ஒண்ணுக்குப் பை. போட்டதுல ஒண்ணு கூட இல்ல. 2010-ல வெளியான இந்த முடிவைப் படிச்சுட்டு நான் எழுந்து போய் மொட்டை மாடில கொஞ்ச நேரம் நின்னேன். எங்க புள்ளைக்கு வந்ததை வேரோட நிறுத்துற மருந்து, அது பொறக்குறதுக்கு முன்னாடியே தயாரா இருந்திருக்கு.

இன்னொரு செய்தி அதை விட என்னைக் கிள்ளுச்சு. இந்த ஊசியை உலகத்துலயே முதல்ல வியாபார அளவுல செஞ்சது எங்கேன்னு பார்த்தா நம்ம ஹைதராபாத். இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ், பால் வளர்ச்சி வாரியத்தோட கம்பெனி, மாட்டுக்குக் கோமாரி ஊசி செய்யிறதுக்காக 1982-ல தொடங்கினது. கால்நடைத் தடுப்பூசிங்களுக்காக நடக்குற கால்வ்மெட்ங்கற அமைப்பு உதவி பண்ணி, மெல்போர்ன்லேர்ந்து தொழில்நுட்பம் வந்து, ஈஸ்ட்ல அந்தப் புரதத்தை வளர்த்து, சிஸ்வேக்ஸ்னு பேரு. நம்ம நாட்டுலயே செய்யிறாங்க, நம்ம ஊர்ப் புள்ளைங்களுக்கு வலிப்பு வந்துகிட்டே இருக்கு.

"என் பன்னிக்கு இன்னா நோவு?"

அந்த வேலைக்கார அம்மாவை நிறுத்தினது எனக்கு முள்ளு மாதிரி உறுத்திக்கிட்டே இருந்துச்சு. தை மாசம் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனப்போ, அக்காகிட்ட சொல்லாம அவங்க வீட்டைத் தேடிப் போனேன். டவுனுக்கு வெளிய, ஏரிக்கரை ஓரமா ஒரு தெரு. நான் தான் அந்த நியூயார்க் கதையைச் சொன்னேன், உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மான்னு சொன்னேன். அவங்க அதுக்கு எதுவும் பதில் சொல்லல. "பாப்பா எப்டிக்கீது, இஸ்கூல் போவுதா"ன்னு மட்டும் கேட்டாங்க. அப்புறம் டீ போட உள்ள போயிட்டாங்க. நான் வாசல்ல நின்னுட்டு இருந்தப்போ தான் பன்னிங்களைப் பார்த்தேன், பக்கத்து காலி மனையில, சாக்கடை ஓரமா, கறுப்பா பத்துப் பன்னெண்டு. அதுங்களோட சொந்தக்காரரு ஒரு பெரியவரு, எதிர் வீட்டுத் திண்ணைல உக்காந்திருந்தாரு.

நான் போய்ப் பேச்சு கொடுத்தேன். படிச்சதெல்லாம் தலைக்குள்ள கொதிச்சுக்கிட்டு இருந்ததால கொட்டிட்டேன்னு தான் சொல்லணும், இப்படி ஒரு புழு இருக்கு, இப்படி ஒரு ஊசி இருக்கு, ரெண்டு வாட்டி போட்டா போதும்னு. அவர் பொறுமையா கேட்டாரு. கறியில ஜவ்வரிசி மாதிரி முத்து முத்தா இருக்குமே அதானேன்னு அவரே கேட்டாரு, அவருக்கு அது நல்லாவே தெரியும், அந்த மாதிரி கறி வந்தா வாங்குறவன் விலையை அடிச்சுடுவானாம். அப்புறம் கேட்டாரு, "அந்தப் புழு வந்தா பன்னி செத்துடுமா தம்பி?" இல்லீங்கன்னேன். "தீனி எடுக்காதா? எடை கொறையுமா?" பெருசா ஒண்ணும் தெரியாதுங்கன்னேன். "அப்பறம் என் பன்னிக்கு இன்னா நோவு?"

நான் வாயைத் திறந்தேன், பதில் வரல.

அவரே தான் மேல பேசினாரு, கோவமே இல்லாம. "காய்ச்சலுக்கு ஊசி போடறேன் தம்பி. ரெண்டு வருசம் முன்ன காய்ச்சல் வந்து ஒரே வாரத்துல ஒம்பது உருப்படி போச்சு. அதுக்குக் காசு கேட்டா கடன் வாங்கியாவது குடுப்பேன். இதுக்கு நான் ஏன் குடுக்கணும்? இந்தப் புழு பன்னிக்கு எங்கேர்ந்து வந்துது? ஜனங்க பேண்டதுலேர்ந்து தானே நீயே சொன்னே? ராத்திரில பஸ் ஸ்டாண்டு பின்னாடி வந்து ஒக்கார்றவன்லாம் எங்க தெருக்காரனா? அவன் வயித்துல இருக்குற புழுவுக்கு என் பன்னி ஏன் ஊசி போட்டுக்கணும்?"

இதை விட சரியா அந்தப் பிரச்சனையை நான் படிச்ச எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் சொல்லல. பன்னிக்கு இதனால நஷ்டம் இல்ல, பன்னிக்காரருக்கும் பெரிய நஷ்டம் இல்ல, ஊசியோட பலன் முழுக்கப் போறது அவர் பார்த்தே இராத யாரோ ஒரு வீட்டுப் புள்ளைக்கு, அதுவும் பல வருஷம் கழிச்சு. அந்தப் புள்ளையோட அப்பா அம்மாவுக்கு இப்படி ஒரு ஊசி இருக்குறதே தெரியாது, தெரிஞ்சாலும் பன்னிக்கு ஊசி போடக் காசு கொடுக்கணும்னு அவங்களுக்குத் தோணாது. நியூசிலாந்துல அந்த முதல் ஊசி ஏன் அலமாரியில நின்னுச்சுன்னு அந்தத் திண்ணை முன்னாடி நின்னப்போ தான் எனக்கு உறைச்சுது. விஞ்ஞானம் தோத்ததால இல்ல. நோவு ஒரு பக்கம், காசு கொடுக்க வேண்டியவன் இன்னொரு பக்கம்.

அப்போ மனுஷனுக்கே ஊசி போட்டுட வேண்டியது தானேன்னு கேப்பீங்க, நானும் அதைத் தான் தேடினேன். மூளையில பை கட்டி வலிப்பு வர்றதுக்குள்ள பல வருஷம் ஆயிடும், அதனால ஊசி வேலை செய்யுதான்னு மனுஷங்ககிட்ட நிரூபிக்கணும்னா ஆயிரக்கணக்கான பேரை வருஷக்கணக்குல பின்தொடரணும், அதுக்கான பணத்தை இந்த நோய் இருக்குற ஏழை ஊருங்களை நம்பி எந்தக் கம்பெனியும் போடாது. பன்னியோ ஒரு வருஷத்துக்குள்ள கறியாயிடுது, போட்டது பலிச்சுதா இல்லையான்னு உடனே தெரிஞ்சுடும். பன்னி சதையில பை இல்லன்னா புதுசா யார் குடல்லயும் புழு வராது, ஏற்கனவே இருக்குற புழுவும் சில வருஷத்துல போயிடும், அப்புறம் முட்டை ஏது. சங்கிலியில ஒரு கண்ணியை அறுத்தா போதும்.

இது வெறும் ஆசை இல்ல, நடந்திருக்கு. பெரு நாட்டோட வடக்குல தும்பேஸ்னு ஒரு பகுதி. ஹெக்டர் கார்சியாங்கற நரம்பியல் மருத்துவர் தலைமையில, மனுஷங்களுக்குக் குடல் புழு மருந்தும், பன்னிக்கு ஆக்ஸ்ஃபெண்டசோலும் இந்த ஊசியும் சேர்த்துக் கொடுத்தாங்க. கடைசிக் கட்டத்துல 107 கிராமம், 81,000-க்கும் மேல ஜனங்க, 55,000-க்கும் மேல பன்னிங்க. முடிவுல 105 கிராமத்துல பன்னிக்கறியில உயிரோட ஒரு பை இல்ல. 2016-ல வெளியாச்சு. இன்னும் பழைய கதை ஒண்ணு, 1993-லயே ஒரு சர்வதேச நிபுணர் குழு உலகத்துலேர்ந்தே ஒழிச்சுக் கட்டிடலாம்னு ஆறு நோயை எழுதி வெச்சாங்க: கினியா புழு, போலியோ, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா, யானைக்கால், ஆறாவது இந்தப் பன்னிப் புழு நோய். போலியோவுக்கு நாம ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை புள்ளையைத் தூக்கிட்டுப் போய் வரிசையில நின்னோம், கினியா புழுவை நம்ம நாட்டுல 2000-லயே இல்லாம ஆக்கிட்டோம். இந்த ஆறாவது நோய் பேரைச் சொன்னா எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது.

கக்கூஸ் கட்டினா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்ககிட்ட நான் சண்டை போடல, கக்கூஸ் வேணும், தண்ணியோட வேணும், பஸ் ஸ்டாண்டுலயும் வேணும். ஆனா அது ஒழுங்கா வந்து சேர்ற வரைக்கும் பன்னியும் காத்திருக்காது, புழுவும் காத்திருக்காது. என் கட்சி இது தான்: இந்த ஊசிக்குப் பன்னிக்காரர்கிட்ட ஒத்தைப் பைசா கேக்கக் கூடாது. இதைக் கால்நடைத் துறையோட செலவாப் பாக்குறதே தப்பு, இது வலிப்பு நோய்க்கான செலவு, சுகாதாரத் துறை கொடுக்கணும். காய்ச்சல் ஊசி போடப் போறப்பவே இதையும் சேர்த்துப் போட்டுட்டு வந்தா அவருக்கும் ரெட்டை வேலை இல்ல, ஜவ்வரிசி இல்லாத கறிக்கு அவருக்கு முழு விலையும் கெடைக்கும். எல்லாத்துக்கும் மேல, பன்னிக்கு ஊசி போட்டா யாரையும் கை காட்ட வேண்டாம். யார் சமைச்சா, யார் கை கழுவல, எந்தத் தெருலேர்ந்து வந்தான்னு தேட வேண்டாம், ஆறு வருஷம் புள்ளையைத் தூக்கி வளர்த்த ஒரு அம்மாவை வாசலோட அனுப்ப வேண்டாம்.

பாப்பாவுக்குப் போன மாசம் மறுபடி ஸ்கேன் எடுத்தாங்க. மோதிரம் போய் ஒரு சின்ன சுண்ணாம்புப் புள்ளி மட்டும் இருக்கு. வலிப்பு மாத்திரையை இன்னும் கொஞ்ச நாள் தொடரணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அவளுக்கு அந்த மாத்திரை போட்டா கிளாஸ்ல தூக்கமா வருதாம், கணக்குல மார்க் கொறைஞ்சிடுச்சுன்னு அழறா. அக்கா அந்த அம்மாவை இன்னும் திரும்பக் கூப்புடல. நான் ரெண்டு வாட்டி சொல்லிப் பார்த்தேன், பேச்சை மாத்திடறா.

அங்க இருக்குற கால்நடை டாக்டர்கிட்டயும் போன்ல பேசினேன். அவருக்கு இந்த ஊசி தெரிஞ்சிருந்துச்சு, நல்லாப் பேசினாரு. "இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்லங்க. எங்க ஸ்டாக்ல வராது, தனியா எழுதி வாங்கணும். ஒருத்தர் பன்னிக்கு மட்டும் போட்டா பிரயோஜனம் இல்ல, அந்த ஏரியா முழுக்க போடணும்"னாரு. அந்த ஏரிக்கரைத் தெருவுல, பக்கத்துல இருக்குற ரெண்டு தெருவுல, மொத்தம் எத்தனை பன்னி இருக்கும்னு கேட்டாரு. நான் மறுபடி போய்ப் பெரியவரைப் பார்த்தேன். காசு நீங்க கொடுக்க வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு சொன்னதும் ரொம்ப நேரம் யோசிச்சாரு. மத்த வீட்டுக்காரங்ககிட்ட அவரே பேசறேன்னாரு, கணக்கு எடுத்துச் சொல்றேன்னாரு, குட்டியோட சேர்த்து நாப்பதுக்குக் கொறையாதாம். அப்புறம், "ஊசின்னா அது சும்மா நிக்காது தம்பி, ஊரே கேக்குற மாதிரி கத்தும், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பேர் புடிக்கணும்"னாரு.

புடிக்க நான் வரேன்னு சொல்லியிருக்கேன்.